நாப்பத்தேழாம் நம்பர் கட்டம்

நெய்வேலி டவுன்ஷிப்பின் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கட்டங்கள்தான். நேர்கோடாக ஒரு சாலை, அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு சாலை, நடுவில் ஒரே மாதிரி வீடுகள். 1956-ல் நிறுவனம் தொடங்கியபோது ஸ்கேல் வைத்துப் போட்ட ஊர் இது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டங்களுக்குத் தமிழில் வைத்த பெயர் 'வட்டம்'. "எந்த வட்டம் நீங்க?" என்றுதான் இங்கே விசாரிப்பார்கள். கட்டத்தை வட்டம் என்று கூப்பிடும் ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இன்னொரு வேடிக்கை ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 'நெய்' என்பது சோற்றில் ஊற்றுவதும் ஆகலாம், தறியில் உட்கார்ந்தவருக்கு இடும் கட்டளையும் ஆகலாம். (இது பெயர் ஆராய்ச்சி இல்லை, சும்மா ஒரு விளையாட்டு. தமிழய்யாக்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) ஆனால் நெய்வேலியில் தோண்டுவார்கள், எரிப்பார்கள், மின்சாரம் எடுப்பார்கள், நெய்ய மாட்டார்கள். நெய்கிற ஊர் கடலூர் பஸ்ஸில் ஏறினால் வடலூர் தாண்டி வரும். அதன் பெயர் குறிஞ்சிப்பாடி. கைலிக்குப் பேர் போன ஊர்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் மனிதர் முதலில் செய்வது காபி குடிப்பதல்ல. யூனிஃபார்மைக் கழற்றிக் கைலிக்கு மாறுவார். அதற்குப் பிறகுதான் பேப்பர், டிவி எல்லாம். கம்பெனி கொடுத்த துணி ஆணியில் தொங்கும், கட்டம் போட்ட துணி இடுப்பில் ஏறும். பகலெல்லாம் எண்ணாக இருந்தவர் சாயங்காலம் அப்பாவாக மாறுவது அந்த நிமிடத்தில்தான்.

அப்படி ஒரு வீடு. அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய அண்ணன் குறிஞ்சிப்பாடியில் குழித்தறி நெசவாளி, அறுபது தாண்டியவர். இந்த வீட்டு அப்பா கடையில் கைலி வாங்கியதே இல்லை. அண்ணன் கொடுப்பதுதான். எப்போதும் அதே கட்டம்: கரும்பச்சை, நீலம், நடுவில் அரக்கு, அரக்கின் இரண்டு ஓரத்திலும் முடி மாதிரி வெள்ளைக் கோடு. போன பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்தபோது அம்மா அதில் ஒரு பழைய கைலியை நாலாகக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அண்ணன் இனிமே அந்தக் கட்டம் போடறதில்லையாம்" என்று மட்டும் சொன்னார். பிளஸ் டூ படிக்கிற மகள் அடுப்படிக்குப் போய்க் கரித்துணியை எடுத்துப் பார்த்தாள். மூன்று துண்டு மிச்சம் இருந்தது. ஒன்றில் ஏற்கெனவே குக்கர் கரி.

இனி ஸ்காட்லாந்து. ஏன் இவ்வளவு தூரம் என்றால், ஒரு கட்டத்துக்கு எவ்வளவு மரியாதை கிடைக்க முடியும் என்பதை அங்கே போனால்தான் பார்க்க முடியும்.

அங்கே கட்டம் போட்ட கம்பளித் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். 2008-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் டார்ட்டன்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2009 பிப்ரவரியில் 'ஸ்காட்டிஷ் ரெஜிஸ்டர் ஆஃப் டார்ட்டன்ஸ்' திறந்தது. நிலப்பத்திரம், பிறப்புச் சான்று எல்லாம் காக்கும் அரசு ஆவணக் காப்பகமே இதையும் பார்த்துக்கொள்கிறது. குலத்துக்கு ஒரு டார்ட்டன், மாவட்டத்துக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. அதில் ஒரு வகைதான் கார்ப்பரேட் டார்ட்டன். ஒரு கம்பெனியோ அமைப்போ தன் நிறங்களைக் கொண்டு தனக்கென ஒரு கட்டம் வடிவமைத்துப் பதிந்துகொள்வது. லோகோ, லெட்டர்ஹெட் மாதிரி, இதுவும் ஒரு அடையாளம். ரிசப்ஷனில் இருப்பவர் கழுத்தில் ஸ்கார்ஃப், டைரக்டருக்கு டை, வருகிற விருந்தாளிக்குப் பரிசு.

பதிவு செய்ய மூன்று விஷயம் முக்கியம். யார் பெயரில் என்பதற்கு அதிகாரம் வேண்டும். இன்னொரு கம்பெனியின் பெயரை நீங்கள் போட முடியாது. ஏற்கெனவே இருக்கும் கட்டத்திலிருந்து வித்தியாசம் வேண்டும். மூன்றாவது, இழைக் கணக்கு. இதுதான் சுவாரஸ்யம்.

டார்ட்டனைப் படம் பிடித்து அனுப்பினால் மட்டும் போதாது. எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்குப் பக்கத்தில் எந்த நிறத்தில் எத்தனை இழை என்று வரிசையாக எழுத வேண்டும். நிறத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, பக்கத்தில் எண். சிவப்புக்கு 'ஆர்', பச்சைக்கு 'ஜி'. கறுப்புக்கு மட்டும் 'கே', ஏனென்றால் 'பி'யை நீலம் பிடித்துக்கொண்டது. பெரும்பாலான டார்ட்டன்களில் வரிசை ஒரு நிறத்தில் போய் முட்டி, கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே திரும்பி வரும். திரும்புகிற இரண்டு இடத்தையும் ஒரு சாய்கோடு போட்டுக் காட்டுவார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அந்த வரி கையில் இருந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் நெசவாளியும், அந்தத் துணியைக் கண்ணால் பார்க்காமலே, அதே கட்டத்தை நெய்துவிடலாம். பாவுக்கும் அதே கணக்கு, ஊடைக்கும் அதே கணக்கு.

இதில் ஒரு குட்டிக் கணிதம் ஒளிந்திருக்கிறது. நீளவாட்டில் பச்சையும் குறுக்கே பச்சையும் சந்தித்தால் சுத்தப் பச்சை. பச்சையும் சிவப்பும் சந்தித்தால் புதிதாக ஒரு கலப்பு நிறம். இப்படி 2 நிற நூலில் 3 நிறம் தெரியும், 4 நிற நூலில் 10, 6 நிற நூலில் 21. நூல் வாங்கியது 4 நிறத்துக்கு, கண்ணுக்குக் கிடைப்பது 10. இவ்வளவு லாபமுள்ள வியாபாரம் வேறு எதிலும் இல்லை. கைலிக்கும் இதே கணக்குதான். வித்தியாசம் நெசவில்: டார்ட்டனில் ஊடை இரண்டு இழைக்கு மேல் ஏறி இரண்டு இழைக்குக் கீழ் இறங்கும், அதனால் துணியில் சாய்வாக ஒரு வரி ஓடும். கைலியில் ஒன்று மேல், ஒன்று கீழ், அதனால் சாய்வு வரி இல்லை. ஆனால் கலப்பு நிறம் இரண்டிலும் உண்டு.

வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை என்று ஆறு போய், ஏழாவது கலப்பு நிறம். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போனவர்கள் ஏழாவது திரையை வரும்போது கவனித்திருப்பார்கள். நெசவாளிகள் தெருவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு சபையில் கடைசித் திரை கலப்பு நிறமாக இருப்பது, கட்டம் நெய்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கலாம். சரி, ஸ்காட்லாந்துக்கே திரும்புவோம்.

டார்ட்டன் என்றாலே ஆயிரம் வருடப் பழமை, ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம், போர்க்களத்தில் கட்டத்தைப் பார்த்தே சொந்தக்காரனை அடையாளம் கண்டார்கள் என்றெல்லாம் சினிமாக்கள் நம்ப வைத்திருக்கின்றன. நிஜம் கொஞ்சம் வேறு. 1746-ல் கிளர்ச்சியை அடக்கிய கையோடு பிரிட்டிஷ் அரசு ஹைலாண்ட் உடைக்கே தடை போட்டது. தடை விலகியது 1782-ல். நடுவில் பட்டாளத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு நம்ம பக்கம் வரை வந்திருக்கிறது. 1777-ல் லார்ட் மெக்லியோட் திரட்டிய 73-வது ஹைலாண்டர் ரெஜிமென்ட் 1780-ல் மெட்ராஸில் இறங்கியது. 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலிக்கு எதிராகப் பரங்கிப்பேட்டையில் சண்டை போட்டது. நெய்வேலியிலிருந்து பரங்கிப்பேட்டை ஒரு பஸ் பயணத்தூரம். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி கட்டினால் குற்றமான உடை, கடல் தாண்டி கம்பெனிக்காகச் சண்டை போட வந்தவனுக்குச் சீருடை. (இங்கே கம்பெனி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. அதையும் ஒரு வகை கார்ப்பரேட் டார்ட்டன் என்று சொல்லலாமா?)

தடை நீங்கிய பிறகு நடந்ததுதான் பி.காம். படிக்கிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி. பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் என்ற குடும்பத்தின் ஆலை இருந்தது. பட்டாளத்துக்கு டார்ட்டன் சப்ளை செய்த பெரிய ஆலை. அவர்களிடம் பல கட்டங்களுக்குப் பெயரே கிடையாது, நம்பர்தான். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகிறார், வரவேற்பு ஏற்பாடு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். எல்லாரும் அவரவர் குல டார்ட்டனில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். குலத்தலைவர்கள் பலருக்குத் தங்கள் குல டார்ட்டன் எது என்றே தெரியாது. ஆர்டர்கள் குவிந்தன. நம்பர் போட்டிருந்த கட்டங்களுக்குக் குலப் பெயர்கள் வந்தன. வரலாற்றாசிரியர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு உதாரணம் தருகிறார்: மெக்ஃபெர்சன் குலத்தின் டார்ட்டன் என்று விற்கப்பட்ட கட்டத்துக்கு அதற்கு முன் பெயர் 'கிட்'. ஏனென்றால் கிட் என்ற ஒருவர் மேற்கிந்தியத் தீவுகளில் தன் அடிமைகளுக்கு உடுத்த அதை மொத்தமாக வாங்கியிருந்தார். அதற்கும் முன்னால் அதன் பெயர் வெறும் 'நம்பர் 155'.

நம்பர், பிறகு வாடிக்கையாளர், பிறகு குலம். துணி மாறவில்லை, நூல் மாறவில்லை, இழைக் கணக்கு மாறவில்லை. லேபிள் மட்டும்தான் மாறியது. இன்று அந்தக் கட்டத்தைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர் நெஞ்சை நிமிர்த்தித்தான் போவார். அது போலிப் பெருமை என்று சிரிக்க ஆசையாக இருக்கும். ஆனால் இருநூறு வருடம் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு அழுதும் சிரித்தும் இருந்தால் அது அவர்களுடையது ஆகிவிடாதா?

பர்பரி கம்பெனியின் கதை இதற்கு அடுத்த படி. 1856-ல் தொடங்கிய கம்பெனி. மணல் நிறம், கறுப்பு, வெள்ளை, சிவப்பு சேர்ந்த அந்தக் கட்டம் 1920-களில் மழைக்கோட்டின் உள்பக்கத் துணியாகத்தான் வந்தது. வெளியே தெரியவே தெரியாது. பிறகு அதுவே கம்பெனியின் முகம் ஆயிற்று. டிரேட்மார்க்காகப் பதிந்து, காப்பி அடிப்பவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்து, காவல் காக்கிறார்கள். இதில் ஒரு சறுக்கலும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'ரவுடிப் பசங்க போடும் கட்டம்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2004-ல் அந்தக் கட்டம் போட்ட தொப்பி தயாரிப்பதையே நிறுத்தினார்கள். கட்டம் போட்ட கைலியை மடித்துக் கட்டியவன் வந்தால் அவன்தான் அடியாள் என்று தமிழ் சினிமா அரை நூற்றாண்டாகப் பாடம் எடுத்திருப்பதை நினைத்துக்கொண்டால் பர்பரியின் வலி புரியும். ஒரே வித்தியாசம், பர்பரிக்கு அந்தப் பெயரைக் கழுவ ஒரு மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் இருந்தது.

சரி, நம்ம ஊர்க் கட்டங்களுக்குப் பெயர் இல்லையா? இருக்கிறது, ஏகப்பட்டது. எல்லாம் வெளியூர்க்காரர்கள் வைத்தது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்றால் வேறொன்றும் இல்லை, பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே அனுப்பினார்கள். துணி ஏறிய துறைமுகத்தின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. இலங்கையில் 'பாலயக்காட் சாரம்' என்பதும் அதே பழவேற்காடுதான். மெட்ராஸ் கட்டமே ஸ்காட்லாந்துப் பட்டாளத்தைப் பார்த்து வந்தது என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த ரெஜிமென்ட் மெட்ராஸில் இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி நடந்தாயிற்று. சில டிசைன்களில் பாதிப்பு இருந்திருக்கலாம். கட்டமே அவர்கள் கொடுத்தது என்பது கொஞ்சம் ஓவர்.

நைஜீரியாவில் அதே துணிக்கு வேறு பெயர். அங்கே இக்போ மக்கள் 'ஜார்ஜ்' என்பார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கலாபாரி மக்கள் 'இஞ்சிரி' என்பார்கள். கலாபாரிகள் செய்வது உலகத்தில் வேறு யாரும் செய்யாதது. நம்ம ஊர்க் கட்டத்துணியை வாங்கி, பெண்கள் பிளேடு வைத்து வெளிர்நிற இழைகளைப் பார்த்துப் பார்த்து வெட்டி உருவி எடுப்பார்கள். நெய்தவர் போட்ட கட்டத்துக்குள்ளிருந்து புதுக் கட்டம் ஒன்று வெளியே வரும். அதற்கு 'பெலெதே பீதே' என்று பெயர், வெட்டிய துணி என்று அர்த்தம். அந்த டிசைன்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. சாவு வீட்டில் படுக்கையை அலங்கரிக்கவும் அந்தத் துணிதான். இங்கே ஒருவர் கூலிக்குப் போட்ட இழையை அங்கே ஒரு அம்மா ஒவ்வொன்றாக எடுக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அமெரிக்கக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக இருந்து, மெட்ராஸில் காசு சேர்த்தவர் எலிஹூ யேல். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 9 பேல் சரக்கு, 417 புத்தகம், ஒரு ராஜா படம் அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடம் கட்டினார்கள். கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது, இன்றைய யேல் பல்கலைக்கழகம். பேலுக்குள் இருந்த துணிகளை நெய்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அதற்கு 240 வருடம் கழித்து, 1958-ல், வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கினார். (பின்னால் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் இதே நாயர்தான்.) அவரே பிற்காலத்தில் சொன்ன கதைப்படி, கெஜம் ஒரு டாலர் கணக்கில் போன சரக்கு ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்றது. தண்ணீரில் சாயம் போகும், பச்சைத் தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொன்னதை ஜேக்கப்சன் கடைக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார். வாஷிங் மெஷினில் போட்டவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் கலர் ஆயிற்று. வக்கீல் நோட்டீஸ் பறந்தது. நாயரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். கடைசியில் யாருக்கோ மூளை வேலை செய்தது. சாயம் போவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு துவைப்பிலும் புதுத்துணி என்று விளம்பரம் வந்தது. 'சாயம் போகும் என்று உத்தரவாதம்!' பத்திரிகையில் பக்கம் பக்கமாகக் கட்டுரை. புகார் சொன்னவர்களே இன்னொன்று கேட்டு வரிசையில் நின்றார்கள். நம்ம வீட்டில் இதே விஷயத்துக்கு அம்மாவிடம் திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

2018-ல் ஜாரா கம்பெனி ஏறக்குறைய 70 பவுண்டுக்குக் கட்டம் போட்ட பாவாடை ஒன்றை விற்றபோது, அது அச்சு அசல் கைலி என்று ஆசியாவே சிரித்தது. சிரித்ததோடு சரி. கேஸ் போட யாரும் இல்லை, ஏனென்றால் கைலிக் கட்டம் யாருடையது என்று எழுதி வைத்த ஏடு எதுவும் இல்லை.

இந்தியச் சட்டம் கைலியைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1985-ல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. இன்று 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் வரிசையில் லுங்கியும் உண்டு. ஒதுக்கீட்டு விவரத்துக்குள் வரும் லுங்கியை விசைத்தறியில் நெய்யக்கூடாது. நெய்தால் குற்றம். (நெய்கிறார்களா என்று கேட்காதீர்கள்.) இதையும் ஸ்காட்லாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அவர்கள் கட்டத்தைப் பதிகிறார்கள். எந்தத் தறியில் நெய்தாலும் சரி, மில்லில் நெய்தாலும் சரி, இந்தக் கட்டம் இன்னாருடையது. நாம் தறியைக் காப்பாற்றப் பார்க்கிறோம். எந்தக் கட்டமானாலும் சரி, யாருடையதானாலும் சரி, கையால் நெய். அவர்களிடம் டிசைனுக்குப் பெயர் இருக்கிறது, நெய்தவன் காணாமல் போகலாம். நம்மிடம் நெய்கிறவனுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, டிசைன் காணாமல் போகலாம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு கொசுறு. கணக்கியல் தரம் 26-ன்படி, ஒரு நிறுவனம் தானே உருவாக்கிய பிராண்டை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது. வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கினால் காட்டலாம், சொந்தமாக வளர்த்தால் காட்ட முடியாது. செலவை அளந்து பிரிக்க முடியாது என்பது காரணம். பரீட்சைக்கு இதை எழுதி மார்க் வாங்கிவிடலாம். குறிஞ்சிப்பாடித் தெருவில் நின்று இதை யோசித்தால் வயிற்றைப் பிசையும்.

அந்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வடலூர் தாண்டிப் பெரியப்பா வீட்டில் இறங்கினாள். பையில் கழுவிய கரித்துணித் துண்டு ஒன்று. பெரியப்பா குழியில் காலைத் தொங்கவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். தறியில் இருந்தது வேறு ஏதோ வெளிர்நீலக் கட்டம்.

"பெரியப்பா, இந்தக் கட்டத்துக்குப் பேரு என்னா?"

துண்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். "பேரா? நாப்பத்தேழு."

"நாப்பத்தேழுன்னா?"

"நாப்பத்தேழாம் நம்பர். மொதலாளி கொடுக்கிற மாதிரித் துண்டுல அப்பிடித்தான் போட்டிருக்கும். ரொம்ப வருசம் ஓடுச்சு. வெளியூருக்கெல்லாம் போச்சு. இப்ப கேக்க ஆளில்ல, நூல் தர்றதில்ல."

"மாதிரித் துண்டு இருக்கா?"

"அது எப்பவோ எலி கடிச்சிடுச்சி கண்ணு."

அப்படியென்றால் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பெரியப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. கணக்கு எங்கே இருக்கும்? பச்சைக்கு இத்தனை மிதி, பிறகு நாடா மாற்று, வெள்ளைக்கு இரண்டு, பிறகு மாற்று. நாலு நிறத்துக்கு நாலு நாடா. எண்ணிக்கொண்டே நெய்தால் நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கால் தானாக நிற்கும். கேட்டால் சொல்லத் தெரியாது, உட்கார்ந்தால் வரும்.

பெரியம்மா ராட்டையை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "கரித்துணிய எடுத்துக்கிட்டு வந்து ஆராய்ச்சி பண்றா பாரு, சாப்ட்டியாடி மொதல்ல?"

சாப்பிட்ட பிறகு திண்ணையில் துண்டை விரித்து, குண்டூசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து மகள் எண்ண ஆரம்பித்தாள். பழைய துணி, சாயம் மங்கி, பச்சைக்கும் நீலத்துக்கும் எல்லை தெரியாமல் கிடந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பச்சை 48. வெள்ளை 2. அரக்கு 15. வெள்ளை 2. நீலம் 32. அங்கே போய் முட்டித் திரும்பியது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"அரக்கு பதினஞ்சு வராது."

"நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன் பெரியப்பா."

"நீ பத்து தடவ எண்ணு. அச்சுல பல்லுக்கு ரெண்டு இழை. ஒத்தப்படையில எப்பிடி வரும்? எங்கியோ ஒண்ணு அறுந்து போயிருக்கு."

துண்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அரக்குப் பட்டையின் நடுவில் ஒரு மயிரிழை சந்து, வெளிச்சம் வந்தது. குக்கர் மூடியின் விளிம்பு அறுத்ததாக இருக்கலாம், பழசில் அறுந்ததாகவும் இருக்கலாம். மகள் 15-ஐ அடித்துவிட்டு 16 என்று எழுதினாள். இரண்டு பக்கமும் சேர்த்துக் கூட்டினால் ஒரு முழுக் கட்டத்துக்கு 120 இழை. தறியில் ஏறக்குறைய இரண்டு அங்குலம்.

"இத வெச்சி வேற யாராவது நெஞ்சிடுவாங்களா?" என்று பெரியப்பா கேட்டார். பயமா ஆசையா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"நெய்யலாம் பெரியப்பா. சாயம் மட்டும் எந்தச் சாயம்னு எழுதணும்."

அவர் சொல்லச் சொல்ல அதையும் எழுதினாள். பச்சை, புதுசாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் எழுந்து போய்க் கொல்லையிலிருந்து முற்றின முருங்கை இலை ஒரு கொத்து பறித்து வந்து, தாளுக்கு மேல் வைத்தார். "இதவிட ஒரு சுத்து அழுத்தம். எழுதிக்கோ."

தாளின் மேலே பெயர் எழுத இடம் விட்டிருந்தாள். அங்கே என்ன போடுவது என்று கேட்டபோது, பெரியப்பா தறிக்குத் திரும்பிக்கொண்டே, "நாப்பத்தேழுதான்" என்றார். பெரியம்மா, "உங்க பேரத்தான் போடட்டுமே" என்றார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மிதியும் நாடாவும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டன.

கடலூரிலிருந்து வந்த பஸ்ஸில் கூட்டம். வடலூரில்தான் உட்கார இடம் கிடைத்தது. மடித்த காலண்டர் தாளும் கரித்துணியும் இப்போது அப்பாவின் பீரோவில், வேலைச் சீட்டுகளோடு இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒரே முழுக் கைலியை அப்பா தினமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்; எடுத்து வை என்று மகள் சொன்னதற்கு, கைலியை எடுத்து வைத்து என்ன செய்வது என்று கேட்டார்.